நீர் இறங்கிய மோட்டார் ஹோம் கூரை: பழைய வண்டியைத் திறந்து, உலர்த்தி, திரும்ப மூடும் முறை

ஏப்ரல் கடைசியில், கனடாவின் ஒன்ராறியோவில் பனி முற்றாகக் கரைந்த ஒரு சனிக்கிழமை, முந்தைய இலையுதிர் காலத்தில் வாங்கி நிறுத்தியிருந்த எங்கள் மோட்டார் ஹோமின் கதவைத் திறந்தபோது முதலில் வந்தது மணம். ஈரச் சாக்கும் பழைய காளானும் கலந்த அந்த மணத்தைப் பின்தொடர்ந்து, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள படுக்கையில் ஏறி, வலது மூலையில் உட்கூரையை விரலால் அழுத்தினேன். மேலே ஒட்டியிருந்த வினைல் தாள் அப்படியே இருக்க, அதற்குப் பின்னால் இருந்த பலகை ஊறிய ரஸ்க் போல உள்ளே போனது.

வண்டி 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பு, நீளம் 28 அடி. லொறியின் அடிச்சட்டத்தில் வீட்டைக் கட்டி, ஓட்டுநர் அறைக்கு மேலே ஒரு படுக்கையை முன்னுக்கு நீட்டிவிட்டிருக்கும், வட அமெரிக்காவில் சி வகுப்பு என்று சொல்லப்படும் வகை. கூரைக்குப் புதிதாக சீலன்ட் (இடுக்குகளை அடைக்கும் பசை) போட்டிருப்பதாக விற்றவர் சொன்னது பொய்யில்லை. உக்கிய பலகைக்கு மேலே, ஈரத்தை உள்ளே பூட்டிவைத்து, மூன்று சுற்று சிலிக்கோன் போட்டிருந்தார். வீட்டுக் கூரைவேலை செய்யும் என் மைத்துனர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, இறங்காமலே சொன்னார்: “அத்தான், இனி மேலால ஒண்டும் பூச வேண்டாம். திறந்து பாப்பம்.” நீர் ஒழுகுவது ஒரு பழுது, மரம் உக்குவது இன்னொரு பழுது. முதலாவதை மேலிருந்து அடைத்துவிட்டால் இரண்டாவது தானாக நின்றுவிடும் என்று நம்பித்தான் பெரும்பாலானோர் பணத்தையும் கோடைகாலத்தையும் இழக்கிறார்கள்.

கூரையின் அடுக்குகள்

வேலையைத் தொடங்குமுன் எதைத் திறக்கப் போகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த வகை வண்டிகளில் மேலே இருப்பது பெரும்பாலும் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள றப்பர் உறை. ஈபிடிஎம் என்ற செயற்கை றப்பராகவோ, டிபிஓ என்ற பிளாஸ்டிக் வகையாகவோ அது இருக்கும். அதன் கீழே 3/8 அங்குலப் பலகை, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களுக்கு இடையே வெப்பக்காப்பு, கடைசியாக நாம் உள்ளிருந்து பார்க்கும் 1/8 அங்குல மென்பலகை. எங்கள் வண்டியில் சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் நின்ற மரச்சட்டங்கள். சில வண்டிகளில் அலுமினியமாக இருக்கும். நுரைப்பலகையும் மேற்பலகையும் உட்பலகையும் ஒன்றாக ஒட்டி அழுத்திய கூரைகளும் உண்டு. அவற்றில் அடுக்குகளே பிரிந்துபோவதால் திருத்தும் முறை வேறு. கீழே சொல்பவை சட்டம் வைத்துக் கட்டிய கூரைக்கானவை.

உறை ஈபிடிஎம்மா டிபிஓவா என்பதை வேலைக்கு முன்பே அறிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் பசையும் துப்புரவுத் திரவமும் அதைப் பொறுத்தே மாறும். கூரைச் சாளரத்தின் உட்புறச் சட்டகத்தைக் கழற்றினால் வெட்டிய உறையின் ஓரம் தெரியும். அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் அது ஈபிடிஎம். மழைக்குப் பின் வண்டியின் பக்கச் சுவர்களில் சுண்ணாம்பு கரைந்தது போல வெள்ளைக் கோடுகள் வழிந்திருந்தாலும் அது ஈபிடிஎம்மின் அடையாளமே. வயதாக ஆக அதன் மேற்பரப்பு பொடிந்து கழுவுப்படும்.

நீர் எங்கிருந்து வருகிறது

கறை இருக்கும் இடம் ஒழுகும் இடமாக இருப்பது அரிது. றப்பரில் ஒரு துளையால் இறங்கும் நீர் பலகையில் பரவி, சட்டத்தைப் பிடித்து நடந்து, மின்கம்பி போகும் துளையைக் கண்டதும் அதனூடே கீழே விழும். எங்கள் வண்டியில் கறை படுக்கையின் வலது மூலையில் இருந்தது. நீர் புகுந்ததோ வண்டி முகப்பின் நெற்றியில் இருந்த சிறு விளக்குகளால். 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமான வண்டிகளுக்கு முன்னும் பின்னும் உச்சியில் அடையாள விளக்குகள் இங்கே சட்டப்படி தேவை. ஆகவே முன்பக்கத்தில் மட்டும் ஐந்து விளக்குகள், அவற்றுக்கு ஐந்து கம்பித் துளைகள், பத்துத் திருகாணிகள். காற்றை எதிர்த்து மணிக்கு 100 கிலோமீற்றரில் ஓடும்போது மழைநீர் அந்தத் துளைகளுக்குள் அழுத்தப்படுகிறது. படுக்கையின் முன் யன்னலும் கூரையும் நெற்றியும் சந்திக்கும் உலோகப் பட்டையும் அதே அழுத்தத்தைத் தாங்குபவை. பழைய சி வகுப்பு வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை கூரைச் சாளரங்கள், குளிரூட்டி, கழிவுநீர்க் காற்றுக்குழாய், புரொப்பேனில் இயங்கும் குளிர்சாதனப்பெட்டியின் புகைபோக்கி, அன்ரனா, பின் ஏணியின் கால்கள், இருபக்க நீள ஓரப்பட்டைகள். ஒன்ராறியோவில் இன்னொரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. மார்ச்சில் பகலில் கரைந்து இரவில் உறையும் நாட்களில், சீலன்டில் இருக்கும் மயிரிழை வெடிப்பொன்று ஒவ்வோர் இரவும் கொஞ்சம் கொஞ்சமாக விரிக்கப்படுகிறது. இலையுதிர் காலத்தில் சரியாக இருந்த கூரை வசந்தத்தில் ஒழுகுவதற்கு வேறு மர்மம் தேவையில்லை.

ஒழுக்கையும் உள்ளே படியும் வியர்வையையும் பிரித்தறியவும் வேண்டும். குளிர்காலத்தில் வண்டிக்குள் சமைத்து உறங்கினால், மூச்சின் ஈரமும் புரொப்பேன் எரிவதால் வரும் நீராவியும் குளிர்ந்த திருகாணித் தலைகளில் துளிகளாகப் படியும். மழை இல்லாத நாளிலும், ஆட்கள் உள்ளே இருந்தபின் மட்டும் துளிகள் தெரிந்தால், அது கூரையின் குற்றமில்லை.

இரண்டு ஊசிகள் கொண்ட ஈரமானி ஒன்று வாங்குங்கள். இந்த வேலைக்கு அதைவிடப் பயனுள்ள கருவி கிடையாது. உட்கூரையை இரண்டடிக் கட்டங்களாக மனதில் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் குத்திப் பார்த்து, வாசிப்பைத் தாளில் வரைந்த கூரைப்படத்தில் எழுதுங்கள். 15 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மரம் உலர்ந்தது. 15க்கும் 20க்கும் இடையே சந்தேகம். 20க்கு மேல் நீடித்தால் உக்கச் செய்யும் பூஞ்சணத்துக்கு அது வாழிடம். எங்கள் படத்தில் முன் வலது மூலையில் 38, அங்கிருந்து பின்னோக்கி 30, 24, 19 என்று இறங்கி, நடுச் சாளரத்தைச் சுற்றி மறுபடி 27க்கு ஏறியது. அந்த இரண்டாவது ஏற்றத்தைக் கண் காட்டவில்லை. கறையே இல்லாத இடம் அது.

திருத்துவதா, விடுவதா

பக்கச் சுவரின் மேல்விட்டம் நீளத்துக்கும் உக்கியிருந்தால், அல்லது படுக்கையைத் தாங்கும் சட்டங்கள் விரல் போட்டாலே உதிர்ந்தால், அது கூரைவேலை என்ற எல்லையைத் தாண்டி வண்டியை மறுபடி கட்டும் வேலையாகிவிடும். நேரமும் இடமும் இல்லாதவர்கள் அதில் இறங்காமல் இருப்பது அறிவு. நீண்டகால ஒழுக்கைப் பராமரிப்புக் குறைபாடாகவே காப்புறுதிகள் பொதுவாகக் கருதுவதால், அங்கிருந்து காசு வரும் என்று எண்ணித் திட்டமிட வேண்டாம். சேதம் கூரையின் ஒரு பகுதியிலும் சில சட்டங்களிலும் நின்றிருந்தால், இரண்டு பேர் மூன்று அல்லது நான்கு வார இறுதிகளில் முடிக்கலாம்.

றப்பரைப் பகுதியாகத் தூக்கி வேலையை முடித்துவிட்டு அதையே திரும்ப ஒட்டலாமா என்று பலர் கேட்பார்கள். ஐந்தாறு வயது உறையானால், ஒரே மூலையில் மட்டும் சேதமானால், செய்யலாம். பழைய உறை ஒருமுறை உரித்தபின் இழுபட்டுவிடும். திரும்பப் படுக்கும்போது மடிப்பு விழும், மடிப்பில் நீர் நிற்கும். எங்களுடையது பதினைந்து ஆண்டைத் தாண்டியிருந்ததால், முழுவதையும் மாற்றத் தீர்மானித்தோம்.

ஏறுவதற்கு முன்

ஒட்டுப் பசையும் சீலன்டும் 10 பாகை செல்சியசுக்கு மேலே வேண்டியவை. இரவுக் குளிரையும் கணக்கில் எடுத்தால், இங்கே மே மாத விக்டோரியா நாள் விடுமுறைக்கு முன் தொடங்குவதில் பொருளில்லை. கூரை திறந்திருக்கும் நாட்களில் மழை வரும் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் திட்டமிட வேண்டும். வண்டியின் மேல் நேரடியாகத் தறப்பாள் போட்டால் அதில் குளம் கட்டும், அடியில் வியர்க்கும். நாங்கள் நீளவாக்கில் நடுவே 2x4 எனப்படும் நீள மரச்சட்டம் ஒன்றை உயர்த்திக் கட்டி, கூடாரம் போலத் தறப்பாளைச் சரித்து, இருபக்கமும் காற்றுப் போக வழிவிட்டோம். அதைக் கட்ட ஒரு பகல் முழுவதும் போனது; இரண்டாவது வாரம் ஓரிரவு கொட்டிய இடிமழைக்குப் பின் அந்தப் பகலைப் பற்றி யாரும் குறைசொல்லவில்லை.

வெளி மின்இணைப்பைக் கழற்றுங்கள். பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். புரொப்பேன் தாங்கியின் வால்வை மூடுங்கள். சூரியத் தகடு இருந்தால் அதைப் போர்வையால் மூடியபின்பே கம்பியைக் கழற்ற வேண்டும், ஏனெனில் வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை அது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். குளிரூட்டியின் உள்ளே இருக்கும் மின்தேக்கி, இணைப்பைக் கழற்றிய பிறகும் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடியது. அதன் மூடியைத் திறக்காமல் முழுப் பெட்டியாகவே இறக்குங்கள்.

கூரையின் உயரம் 10 அடிக்கு மேல். உக்கிய பலகைமீது கால் வைத்தால் உள்ளே போய்விடும். ஆகவே சட்டங்களுக்குக் குறுக்கே இரண்டு பெரிய பிளைவூட் துண்டுகளைப் போட்டு அவற்றின்மீது முழங்காலில் நகருங்கள், தனியாக ஏறாதீர்கள். பூஞ்சணத் தூசிக்கு என்95 முகமூடியாவது வேண்டும். கண்ணாடியிழைக் காப்பு இருந்தால் நீளக்கை உடையும் வேண்டும்.

திறத்தல்

ஒவ்வொன்றையும் கழற்றுமுன் படம் எடுத்து, கூரையின் முன் விளிம்பிலிருந்தும் வலது விளிம்பிலிருந்தும் அதன் தூரத்தை அளந்து எழுதுங்கள். புதிய உறை மூடியபின் துளைகள் எங்கே என்று தேடும்போது இந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

ஓரப்பட்டைகளில் திருகாணிகளை மறைத்து ஒரு வினைல் நாடா செருகியிருக்கும். அதை இழுத்து எடுத்தால் திருகாணிகள் வரிசையாகத் தெரியும், அவையே நடந்ததைச் சொல்லும். பின்பக்கத்துத் திருகாணிகள் பளபளவென்று வந்தன. நடுவில் வந்தவை பழுப்பேறியிருந்தன. முன் வலது மூலைக்கு வந்தபோது திருப்புளி வெறுமனே சுற்றியது, குறட்டால் இழுத்தால் தண்டு ஊசி போல மெலிந்து, நுனியில் தலைமட்டும் மிஞ்சிய ஒன்று வந்தது. துரு தொடங்கும் திருகாணியிலிருந்தே சேதத்தின் எல்லையைக் கணிக்கலாம். எங்கள் ஈரமானிப் படமும் திருகாணிகளும் ஏறத்தாழ ஒரே இடத்தில் ஒத்துப்போயின.

பழைய சீலன்டைப் பட்டித்தகட்டால் மெதுவாகக் கிளப்பலாம். இறுகியிருந்தால் வெப்பக்காற்றுத் துப்பாக்கியைக் குறைந்த சூட்டில் காட்டுங்கள். சிலிக்கோன்தான் பெருந்தொல்லை. அது றப்பரில் சரியாக ஒட்டாது, அதன்மீது வேறெதுவும் ஒட்டவும் ஒட்டாது. நீங்கள் திரும்பப் பயன்படுத்தப் போகும் சாளரச் சட்டகங்களிலும் விளக்கு அடிகளிலும் அதன் படலத்தைக்கூட விடாமல் சுரண்ட வேண்டும். இந்தச் சுரண்டலுக்கு மட்டும் எனக்கு ஒரு முழுச் சனிக்கிழமை போனது. விற்றவரை அன்று பலமுறை நினைத்துக்கொண்டேன்.

குளிரூட்டி உள்ளிருந்து நான்கு நீள போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். எடை 40 கிலோகிராம் அளவில். இரண்டு ஏணிகளைச் சாய்த்து, மேலே பலகை வைத்து, கயிறு கட்டி வழுக்கி இறக்கினோம். பின்னர் முன்பக்கத்திலிருந்து றப்பரை உரிக்கத் தொடங்குங்கள். நல்ல பலகையில் அது முரண்டுபிடிக்கும். உக்கிய பலகையில் போர்வை விலகுவது போல எழுந்துவரும். எங்கள் முன் மூலையில் அப்படி எழுந்தபோது, பலகை இருந்த இடத்தில் உதிர்ந்த புட்டுப் போலக் கறுத்த மரத்தூள் மட்டுமே இருந்தது. கையால் அள்ளி வாளியில் போட்டோம்.

உக்கிய பலகையை வெட்டி எடுக்க, வட்டவாளின் ஆழத்தைப் பலகையின் தடிப்புக்குச் சரியாக, அதற்கு மயிரளவும் மிஞ்சாமல் வையுங்கள். கீழே மின்கம்பிகள் ஓடுகின்றன. அவற்றை வெட்டிவிட்டால் கூரைவேலையோடு மின்வேலையும் சேரும். எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு விதி உண்டு: குத்தூசி இறங்காத, ஈரமானி 15க்குக் கீழே காட்டும் பலகையைக் கண்டபின், அதற்கும் அப்பால் உள்ள அடுத்த சட்டத்தின் நடுக்கோடுவரை வெட்டுங்கள். பழையதும் புதியதும் ஒரே சட்டத்தின்மீது பாதிப் பாதியாகத் தங்க வேண்டும். எங்களுக்கு அது முன்பக்கத்தில் 5 அடி 4 அங்குலமும், நடுச் சாளரத்தைச் சுற்றி 4 அடிச் சதுரமும் ஆனது.

உலர்த்துதல்

எல்லோரும் அவசரப்படும் இடம் இது. ஊறிய உட்பலகையையும் ஈரமான காப்பையும் முழுவதும் அகற்றுங்கள். அது உலர்ந்தாலும் மணம் போகாது, கண்ணாடியிழையானால் அமுங்கிய இடம் திரும்ப எழாது. வண்டிக்குள் ஈரமுறிஞ்சும் கருவியொன்றையும் இரண்டு மின்விசிறிகளையும் வைத்து, தறப்பாளின் கீழ் காற்றோட விடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை, குறித்துவைத்த அதே இடங்களில் அளந்து, அதே படத்தில் தேதியோடு எழுதுங்கள். மேற்பரப்பு இரண்டு நாளில் உலர்ந்ததுபோலத் தெரியும். ஊசியை ஆழமாகக் குத்தினால் 22 காட்டும். எங்கள் முன்சட்டங்கள் 14க்கு இறங்கப் பதினொரு நாள் எடுத்தன. ஈரமான மரத்தை மூடினால், விற்றவர் செய்த வேலையையே நாம் திருத்தமான கைவினையோடு செய்ததாக முடியும்.

உலர்ந்தபின் பூஞ்சணம் படிந்தாலும் கெட்டியாக உள்ள மரத்தைத் தேய்த்துத் துடைத்து, பூஞ்சணத்தைத் தடுக்கும் போரேட் கரைசலைத் தூரிகையால் இரண்டு முறை பூசி, மறுபடி உலர விடுங்கள். உக்கிய மரத்துக்குள் ஊற்றி இறுக்கும் எபொக்சித் திரவங்கள் கடைகளில் இருக்கின்றன. ஒரு விளக்கின் திருகாணி பிடிக்கச் சிறு மூலையொன்றைக் கெட்டியாக்க அவை உதவும். பாரம் தாங்கும் சட்டத்தை அவற்றால் காப்பாற்ற முயல்வது எனக்கு உடன்பாடில்லை.

மரவேலை

முழுதாக உக்கிய சட்டத்தை மாற்றுங்கள். ஒரு முனை மட்டும் போயிருந்தால், நல்ல பகுதியோடு 16 அங்குலமாவது ஒட்டிப்போகும் துணைச்சட்டம் ஒன்றைப் பசையும் திருகாணியும் வைத்துப் பக்கத்தில் பிணைக்கலாம். பழைய சட்டத்தின் மேல்விளிம்பு பெரும்பாலும் நடுவில் சற்று உயர்ந்து இருபக்கமும் சரியும்படி வெட்டப்பட்டிருக்கும். அந்த வளைவைக் காகித அட்டையில் வரைந்து புதியதிலும் அப்படியே வெட்டுங்கள். நேர்ச்சட்டம் வைத்தால் அந்த இடத்தில் நீர் தேங்கும், தேங்கும் நீர் வழி தேடும்.

குளிரூட்டிக்கும் சாளரங்களுக்கும் வட அமெரிக்க வண்டிகளில் வழக்கமான துளை 14 அங்குலச் சதுரம். அந்தத் துளையின் நான்கு பக்கமும் மரச்சட்டம் வைத்து அடைத்து, பாரம் பலகையில் இல்லாமல் குறுக்குச் சட்டங்களில் இறங்கும்படி செய்யுங்கள். பழைய வண்டிகளில் குளிரூட்டியைச் சுற்றிக் கூரை பள்ளமாவதற்குக் காரணம் இந்த அடைப்பு இல்லாமையோ, உக்கியதோதான்.

மின்கம்பிகளை ஆராய்ந்து, காப்புறை பழுதானவற்றை மாற்றி, சட்டங்களுக்கு இடையே புதிய நுரைப்பலகையை இறுக்கமாக வெட்டிச் செருகுங்கள். மேலே போடுவதற்கு வெளிப்புறப் பசை கொண்ட பிளைவூட்டைத் தேர்ந்தெடுங்கள். மரச்சீவல்களை அழுத்திச் செய்த பலகை மலிவுதான். ஆனால் ஈரம் பட்டால் ஓரம் பருத்து எழும். பழைய பலகையின் தடிப்பை வெட்டிய துண்டில் அளந்து அதே தடிப்பில் வாங்குங்கள். 1/16 அங்குல வேறுபாடும் றப்பருக்குள்ளால் படிக்கட்டாகத் தெரியும். திருகாணித் தலைகள் பலகைக்குள் சற்றே அமிழ வேண்டும். பொருத்துகளின்மீது கூரைப் பொருத்து நாடா ஒட்டி, பழைய பசைக் கட்டிகளைத் தேய்த்து, கடைசியில் வெறும் உள்ளங்கையால் முழுக் கூரையையும் தடவிப் பாருங்கள். கைக்குத் தட்டுப்படும் ஒவ்வொரு துரும்பும் நாளை றப்பரில் ஒரு கொப்புளம்.

புதிய றப்பர்

எங்கள் வண்டியின் அகலம் 100 அங்குலம். 9 அடி 6 அங்குல அகல உறை வாங்கினோம், இருபக்கமும் 7 அங்குலம் வீதம் மிஞ்சியது. காற்றில்லாத காலையொன்றைத் தேர்ந்தெடுங்கள். 30 அடி நீள றப்பரைக் காற்று பிடித்தால் இரண்டு பேரால் அடக்க முடியாது. உறையைக் கூரைமீது முழுதாக விரித்து, நடுப்படுத்தி, சுருட்டி வைத்திருந்த வளைவு போகும்வரை அரைமணி நேரமாவது படுக்க விடுங்கள். பின்னர் பாதியைத் திரும்ப மடித்து, வெளிப்பட்ட பலகையில் பசையை உருளைத் தூரிகையால் சீராகப் பூசுங்கள். நீரில் கரையும் வகைப் பசையானால் பலகையில் மட்டும் பூசி ஈரமாக இருக்கும்போதே உறையைப் படுக்க வைக்க வேண்டும்; கரைப்பான் வகையானால் இருபக்கமும் பூசி, விரலில் பிசுபிசுக்கும் நிலைவரை காத்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், உறையோடு வந்த தாளையும் பசை வாளியின் எழுத்தையும் படித்தபின் மூடியைத் திறங்கள்.

மடித்த உறையை மெல்ல உருட்டிவிட்டு, மென்மயிர்த் தும்புத்தடியால் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தள்ளிக் காற்றை வெளியேற்றுங்கள். றப்பரை ஒருபோதும் இழுத்து ஒட்டாதீர்கள். இழுத்தது பின்னர் சுருங்கி, மூலைகளில் கிழியும். மறுபாதியும் அவ்வாறே. சிறு கொப்புளங்கள் சில மறுநாள் வெயிலில் தாமாக அமுங்கும், ஆகவே கத்தியால் குத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

துளைகளும் ஓரங்களும்

கூரை ஒழுகுவது விரிந்த நடுப்பரப்பில் அன்று, துளைகளிலும் ஓரங்களிலும்தான். ஆகவே மிகுந்த பொறுமையை இங்கே செலவிடுங்கள். குறித்துவைத்த அளவுகளின்படி துளைகளைக் கண்டுபிடித்து, மூலைவிட்டங்களில் பெருக்கல் குறியாக வெட்டி, நாக்குகளைத் துளைக்குள் மடித்து ஸ்டேப்லர் ஊசி அடியுங்கள். ஒவ்வொரு சட்டகத்தின் அடியிலும் பியூட்டைல் நாடாவை (பிசுபிசுப்பான றப்பர் அடைப்பு நாடா) இடைவெளியில்லாமல் ஒட்டி, திருகாணிகளை எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நாடா நான்கு பக்கமும் சீராகப் பிதுங்கி வர வேண்டும். சிறிது நேரம் கழித்து மறுபடி இறுக்கி, பிதுங்கியதை வெட்டிவிட்டு, சட்டகத்தின் ஓரத்தையும் திருகாணித் தலைகளையும் கூரைக்கான சீலன்டால் மூடுங்கள். தட்டையான இடத்துக்குத் தானாகப் பரவும் வகை. செங்குத்தான இடத்துக்கு வழியாத வகை. மாறிப் போட்டால் முன்னது சுவர் வழியே ஒழுகிப் போகும், பின்னது கூரைமீது மேடாக நிற்கும்.

குளிரூட்டி இதற்கு விலக்கு. அதன் அடியில் புதிய நுரைச் சதுரவளையம் வைத்து, அது ஏறத்தாழப் பாதித் தடிப்புக்கு அமுங்கும்வரை நான்கு போல்ட்டுகளையும் சமமாக இறுக்கினால் போதும். அதைச் சுற்றி சீலன்ட் பூச வேண்டாம். அடியில் தேங்கும் நீர் வெளியேற வழி இருக்க வேண்டும்.

பக்க ஓரங்களில் றப்பரைச் சுவர்மீது மடித்து, பட்டையின் பின்புறம் பியூட்டைல் நாடா ஒட்டி, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளால் பிணையுங்கள். பழைய துளைகள் தளர்ந்திருக்கும் என்பதால் ஓரளவு பெரிய திருகாணி எடுங்கள். நெற்றியின் உலோகப் பட்டையைப் பொருத்திய பின், அதன் மேல்விளிம்பில் 4 அங்குல அகலக் கூரை ஒட்டுநாடா ஒன்றை நீளத்துக்கும் ஒட்டி உருளையால் அழுத்தினோம். அந்த நாடா ஒருமுறை தொட்டால் விடாது. காப்புத் தாளை ஓரடி ஓரடியாக உரித்தபடி ஒட்ட வேண்டும். ஐந்து விளக்குகளையும் புதிய அடிவளையத்தோடு மாட்டி, மேற்பக்கமும் இருபக்கங்களும் மட்டும் சீலன்ட் போட்டு, கீழ்ப்பக்கத்தைத் திறந்துவிட்டோம். ஒருவேளை நீர் புகுந்தாலும் அது வெளியே வரட்டும்.

சோதனை

உட்கூரையை மூடுமுன் சோதியுங்கள். உக்கல் வந்த பக்கத்தைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. சீலன்ட் இறுகியபின், தோட்டத்து நீர்க்குழாயை மெதுவான தாரையில் வைத்து, கீழிருந்து தொடங்குங்கள்: முதலில் முன் யன்னல், பிறகு விளக்குகள், பிறகு நெற்றிப் பட்டை, கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் பதினைந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து, எது ஒழுகியது என்று தெரியாது. உயரழுத்தக் கழுவுகருவி வேண்டாம், அது நல்ல பொருத்தையும் பிரித்துவிடும்.

இன்னொரு முறையும் உண்டு. புரொப்பேன் மூடியிருப்பதை உறுதிசெய்து, கதவு, சாளரங்களை அடைத்து, ஒரு யன்னலில் ஊதுவிசிறியைப் பொருத்தி, வண்டிக்குள் காற்றை நிரப்புங்கள். வெளியே பொருத்துகளில் சவர்க்கார நீரைத் தெளித்தால், காற்றுக் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். எங்கள் நெற்றிப் பட்டை முற்றாக அமைதியாக இருந்தது. நாங்கள் தொடாமல் விட்ட பின் ஏணியின் இடது காலில் குமிழிகள் கொத்தாக எழும்பின. அதையும் கழற்றி, பியூட்டைல் வைத்துத் திரும்பப் பூட்டினோம்.

உள்ளேயும் பின்னரும்

மூன்று நல்ல மழையைப் பார்த்து, ஈரமானி ஏறாதிருப்பதை உறுதிசெய்தபின் உட்பலகையை வெட்டிப் பொருத்துங்கள். பழைய வினைல் வடிவத்தைத் தேடி அலைவதைவிட, பொருத்துகளுக்கு மேலே மெல்லிய மரப்பட்டை அடித்தால் பார்வைக்கும் நன்று, அடுத்தமுறை கழற்றவும் எளிது.

றப்பரைப் பாத்திரம் கழுவும் மென்மையான சவர்க்காரத்தாலும் நீராலும் மட்டும் கழுவுங்கள். பெற்றோலியம் கலந்த துப்புரவுத் திரவங்கள் ஈபிடிஎம்மை வீங்கச் செய்யும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் ஒருமுறை மேலே ஏறி, ஒவ்வொரு சீலன்ட் ஓரத்தையும் விரலால் தடவி, வெடிப்பு இருந்தால் அந்த இடத்தைச் சுத்தம் செய்து அதே வகை சீலன்டால் நிரப்புங்கள்.

பழைய கூரைப்படத்தின் பக்கத்தில் புதியதொன்றை வரைந்து, படுக்கைக்கு மேலுள்ள சிறு அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அதில் முன் வலது மூலைக்கு நேரே, முதல் குளிர்காலம் கழிந்த ஏப்ரலில் பென்சிலால் எழுதியது 11.